பழைய காரின் அலுமினியம் உள்ளேயிருந்துதான் அரிக்கிறது

கேள்வி இதுதான்: 1960களில் வந்த கார். பிளாக் இரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். வால்வு கவர், டைமிங் கவர், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூக்கிறது. பாலிஷ் போட்டால் பளபளக்கிறது, இரண்டே மாதத்தில் மறுபடி மங்கிவிடுகிறது. மேலே எதைத் தடவினால் நிற்கும்?

தடவுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். தண்ணீர் என்ன நிறம், அதைக் கடைசியாக எப்போது மாற்றியது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், வால்வு கவரில் பூத்திருக்கும் வெள்ளையை இப்போதைக்கு மறந்துவிடலாம். வெளியே பூப்பது பார்க்க அசிங்கம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஹெட்டைத் தின்பது உள்ளே ஓடும் தண்ணீர். வெளிப்புறம் கண்ணாடி போல மின்ன, உள்ளே நீர்வழிகளின் ஓரம் செல்லரித்தது போலக் கிடந்த ஹெட்டுகளை நானே பலமுறை கழற்றியிருக்கிறேன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். பாதி உண்மை. புதிதாக வெட்டிய அலுமினியம் உடனே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து, சில நானோமீட்டர் தடிமனுக்கு ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பின் துரு பொருக்குத் தட்டி உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழிவிடும். இந்தத் தோல் உதிராது, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அமிலமும் அதைக் கரைக்கும், காரமும் கரைக்கும். பிஹெச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரைதான் அது நிம்மதியாக இருக்கும். குளோரைடு கலந்த தண்ணீர் அந்த எல்லைக்குள்ளேயே அதை ஓட்டை போட்டுவிடும். மேலே ஊசி முனை அளவில் ஒரு புள்ளி தெரியும். குத்திப் பார்த்தால் உள்ளே குழி ஆழமாகப் போகும்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை. உங்கள் இன்ஜினில் அலுமினியம் தனியாக இல்லை. கீழே வார்ப்பிரும்பு பிளாக், முன்னால் செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர், நடுவே ஹெட்டைப் பிடிக்கும் எஃகு ஸ்டட்டுகள் (தலையில்லாத மரையாணிகள்), சில இன்ஜின்களில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே செம்பு கேஸ்கட். இவை எல்லாவற்றையும் ஒரே தண்ணீர் நனைக்கிறது. இரண்டு வேறு உலோகங்களும் மின்சாரம் கடத்தும் ஒரு திரவமும் சேர்ந்தால் அது பேட்டரிதான். அந்த பேட்டரியில் கரைந்து போகிற தகடு எப்போதும் அலுமினியம். செம்பு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரேடியேட்டரிலிருந்து மிகக் கொஞ்சமாகக் கரைந்து வரும் செம்பு, ஹெட்டின் உட்சுவரில் போய்ப் படிந்து, படிந்த இடத்திலெல்லாம் ஒரு குட்டி பேட்டரியை உண்டாக்கிவிடும். நல்ல கூலன்ட்டில் (ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் திரவம்) அலுமினியத்தைக் காக்கும் மருந்தோடு செம்பைக் காக்கும் மருந்தையும் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் முதல் வேலை கூலன்ட்.

குளிர்ப் பிரதேசத்தில் உறையாமல் இருக்கத்தான் கூலன்ட், நம் வண்டிக்கு வெறும் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். அலுமினிய ஹெட் உள்ள வண்டிக்கு அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்துதான் உயிர். அந்த மருந்து நாளடைவில் செலவாகிவிடும். கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான எத்திலீன் கிளைக்காலும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைந்து கிளைக்காலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என்று மாறும். பச்சையாகவோ நீலமாகவோ பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே புளித்துப் போயிருக்கும். நிறம் வெறும் சாயம், அது எதையும் சொல்லாது. பிஹெச் பார்க்கும் காகிதத்தை முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: 7-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். புதிய கூலன்ட் 8-க்கு மேலே காட்டும். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது என்றீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னால் உருவாகப்போகும் அமிலத்தைச் சமாளிக்கவே அந்தக் காரத்தன்மையை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அலுமினியத்தைக் காக்க, மருந்தில் உள்ள சிலிகேட் ஒரு மெல்லிய படலத்தை இழுத்துவிடும். சிலிகேட் தீர்ந்தால் அந்தப் படலமும் இல்லை.

எந்த வகை போடுவது? பழைய பாணி கூலன்ட்டை ஐஏடி என்பார்கள்: சிலிகேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகள் சேர்ந்தது. வேகமாகப் படலம் போடும், ஆனால் இரண்டு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பின்னால் வந்த ஓஏடி வகையில் கரிம அமிலங்கள்தான் காவல். ஐந்து ஆண்டுகள் போல நிற்கும், படலம் உருவாவது மெதுவாக நடக்கும். ஈய ஒட்டு போட்ட பித்தளை ரேடியேட்டரும் பழைய ரப்பர் சீல்களும் உள்ள வண்டிக்கு நான் ஓஏடி போட மாட்டேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றும் பொறுமை இருந்தால் ஐஏடியே போதும். இரண்டையும் கலக்க மட்டும் கலக்காதீர்கள். கலவை கெட்டியாகி ரேடியேட்டரை அடைத்துக்கொள்ளலாம். அடைக்காவிட்டாலும் இரண்டின் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

பாதிக்குப் பாதி கலப்பதுதான் வழக்கம். அது ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உங்களுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை என்றாலும், கூலன்ட்டின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே மருந்து நீர்த்துப்போகும். கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ அயனி நீக்கியதாகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும். கடினத் தண்ணீராக இருந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து செதிலாகப் படியும். வீட்டு மென்னீர்க் கருவியின் தண்ணீர் சரி என்று நினைத்தால் அதுவும் தப்பு. அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது, அவ்வளவுதான். குளோரைடு அப்படியே உள்ளே இருக்கும்.

மாற்றும்போது ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. பிளாக்கின் பக்கத்தில் ஒரு வடிகுழாயோ பிளக்கோ இருக்கும். பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் சேறு அடைத்துக் கிடக்கும். அதைத் திறந்து கம்பியால் குத்திவிட்டால்தான் அடியில் தேங்கிய பழையது வெளியே வரும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, கடைசி அலசலை வடித்த தண்ணீரில் செய்யுங்கள். இறக்கிய கூலன்ட்டை வாளியில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய், பூனை, குழந்தை யார் குடித்தாலும் உயிருக்கே ஆபத்து.

கூலன்ட் புதிதாக இருந்தும் ஆறே மாதத்தில் பிஹெச் விழுந்தால் வேறு இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று ஹெட் கேஸ்கட். லேசாகக் கசிந்தால்கூட எரிந்த வாயு தண்ணீரில் கலந்து அமிலமாக்கும். சூடு ஏறுவதற்கு முன்பே தண்ணீரில் குமிழி விட்டால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, வெளியேயிருந்து உள்ளே உறிஞ்சப்படும் காற்று: தேய்ந்த பம்ப் சீல், தளர்ந்த கீழ் ஹோஸ், எப்போதும் குறைவாக நிற்கும் தண்ணீர் மட்டம். ஆக்சிஜன் கூடக் கூட கிளைக்கால் சீக்கிரம் புளிக்கும்.

பிஹெச் நன்றாகவே இருந்தும் அரிப்பு நிற்காவிட்டால் எர்த் ஒயரைப் பாருங்கள். பழைய வண்டியில் இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை நைந்திருக்கும், அல்லது யாரோ பெயின்ட் அடித்து அதன் மேலேயே முடுக்கியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்துக்கு ஒழுங்கான வழி கிடைக்காவிட்டால், கிடைத்த வழியில் திரும்பும். அந்த வழி உங்கள் கூலன்ட்டாகவும் இருக்கலாம். மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்புக் கம்பியின் முனையை ரேடியேட்டர் கழுத்தில் தண்ணீரில் மட்டும் படும்படி விடுங்கள், உலோகத்தில் படக் கூடாது. உங்கள் வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்றால் கறுப்பை அங்கே வையுங்கள்; அந்தக் காலத்து வண்டிகளில் அப்படியும் உண்டு. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 0.3-ஐத் தாண்டினால் ஏதோ கசிகிறது. எல்லாம் அணைந்திருக்கும்போது ஒரு முறை, விளக்கு போட்டு ஒரு முறை, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி ஒரு முறை பாருங்கள். எதைப் போடும்போது முள் எகிறுகிறதோ அதன் எர்த்தில்தான் கோளாறு. பின்னாளில் யாராவது எலக்ட்ரிக் ஃபேன் வைத்திருந்தால், முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

இப்போது தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு வாருங்கள். மேல் ஹோஸ் மாட்டும் அந்தக் குட்டைக் கழுத்துதான் பழைய அலுமினியத்தின் நாடி பார்க்கும் இடம். ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர் புகுந்து தேங்கும். அங்கே ஓட்டம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, புதிய மருந்தும் வந்து சேராது. ஒரு வண்டியில் ஹோஸை உருவியதும் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், சுண்ணாம்பு போல உதிர்ந்தது. கீழே உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்தியதும் மறுபக்கம் போய்விட்டது. கசிவு என்று அதற்கு முந்தைய உரிமையாளர் கிளிப்பை மட்டும் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் சுத்தம் செய்து வெப்பம் தாங்கும் எபாக்சியால் நிரப்பி, வட்டமாகத் தேய்த்துவிடலாம். ஆழமாக இருந்தால் டிக் வெல்டிங்கில் நிரப்பிக் கடைசல் பிடிப்பதுதான் சரி. ஹோஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் துடைத்து, கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழி விரலுக்குத் தட்டுப்படும்.

அடுத்து ஸ்டட்டும் போல்ட்டும். அலுமினியம் அரித்தால் உண்டாகும் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஸ்டட்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் அது நிரம்பினால் சிமென்ட் ஊற்றியதுபோல இறுகிவிடும். 1970 முதல் 1977 வரை வந்த ட்ரையம்ஃப் ஸ்டாக் காரின் வி8 இன்ஜினைக் கழற்றியவர்களைக் கேளுங்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், அதைப் பிடிப்பதில் பாதி ஸ்டட்டுகள், பாதி போல்ட்டுகள், இரண்டும் வேறு வேறு கோணத்தில். ஸ்டட்டு இறுகிவிட்டால் ஹெட்டை மேலே தூக்கவும் முடியாது, பக்கவாட்டில் சாய்க்கவும் முடியாது. ஹெட் கழற்றுவதற்கே வாரக்கணக்கில் போராடியவர்கள் உண்டு. கூலன்ட் ஒழுங்காக மாற்றிய வண்டியில் இந்த வேதனை பெருமளவு குறையும்.

இறுகிய ஸ்டட்டுக்குச் சுத்தியலைவிடச் சூடு நல்லது. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சுற்றியுள்ள வார்ப்பைப் பரவலாகச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, முதலில் முடுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று அசைத்துப் பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் ஸ்டட்டு முறியும்.

திரும்ப மாட்டும்போது அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் பழக்கம் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது. அலுமினியத்தோடு சேர்த்தால் மின்வேதியியல் முறையில் அது வெகு தூரத்தில் நிற்கிற உலோகம். துத்தநாகப் பூச்சு போட்ட எஃகு போல்ட்தான் அலுமினியத்துக்கு நெருங்கிய சொந்தம். எந்த போல்ட்டானாலும் மரைக்கு ஆன்டி-சீஸ் பசை (மரை இறுகிப்போகாமல் தடுப்பது) தடவுங்கள். செம்புத் தூள் கலந்ததை விட்டுவிட்டு நிக்கலோ அலுமினியமோ கலந்ததை எடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: கையேட்டில் உள்ள டார்க் அளவு (எவ்வளவு விசையில் முடுக்குவது என்பது) பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. பசை தடவிய மரையில் அதே அளவு முடுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். ஹெட் ஸ்டட்டுக்கு மட்டும் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள், சொந்த யோசனை வேண்டாம்.

கார்புரேட்டரில் பூக்கும் வெள்ளைக்குக் காரணம் வேறு. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பத்து சதவீத எத்தனால் கலவை சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடியோ கூழோ கிடந்தால் அதன் வேலைதான். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டு, அறையில் மிச்சம் உள்ளதையும் வடித்துவிடுங்கள். சில கார்புரேட்டர்களின் உடல் அலுமினியமே இல்லை, துத்தநாகக் கலவை. அதற்கு அமிலம் இன்னும் சீக்கிரம் வலிக்கும்.

நிறுத்தி வைக்கும்போது பலர் செய்யும் தப்பு, கூலன்ட்டை இறக்கிவிட்டு அப்படியே விடுவது. பாதி ஈரம், பாதி காற்று: அரிப்புக்கு அதைவிட வசதி கிடையாது. புதிய கூலன்ட்டை விளிம்பு வரை நிரப்பி நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன் என்பதும் உபகாரம் இல்லை. இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்தால், எரிந்த வாயுவிலிருந்த நீராவி உள்ளே தண்ணீராகத் தங்கும்; வால்வு கவரைத் திறந்தால் மஞ்சள் வெள்ளையாகக் குழம்புப் பசை ஒட்டியிருக்கும். ஓட்டினால் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

சரி, இப்போது வெளிப்புறம். இதில் அரிப்பைவிடச் சுத்தம் செய்யும் முறையால் கெட்டவைதான் அதிகம். என் அனுபவமே உண்டு. இரும்புப் பாகங்களின் துருவை எடுக்கச் சலவைச் சோடா கரைத்து மின்சாரம் பாய்ச்சும் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் பிராக்கெட்டுகளோடு சேர்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று அலுமினிய டைமிங் கவரையும் உள்ளே போட்டுவிட்டேன். மறுநாள் எடுத்தபோது பிராக்கெட்டுகள் நன்றாக இருந்தன. கவர் கறுத்து, கேஸ்கட் உட்காரும் முகம் மணல் காகிதம் போலச் சொரசொரத்து, சில்லறைக் காசு அளவுக்கு ஒரு மூலை மெலிந்திருந்தது. காரம் அந்தத் தோலைக் கரைக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் செய்தேன். அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடாத் திரவமும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும். காஸ்டிக் சோடா அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு வேறு வரும், தீப்பொறி பக்கத்தில் ஆகாது.

மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும், பிறகு நடுநிலையான சோப்புத் தண்ணீரும் பெரும்பாலான அழுக்குக்குப் போதும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பின்னால் புள்ளி புள்ளியாகத் துருவும், சுற்றிலும் குழியும் விழும். கழற்றிய பாகத்துக்குத் தண்ணீரோடு கண்ணாடி மணியை அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் அருமையாக இருக்கும். ஆனால் எண்ணெய்த் துளைகளில் ஒரு மணி தங்கினாலும் பேரிங் போய்விடும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு துளையையும் பிரஷ் விட்டுக் கழுவ முடியாத பாகத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் இன்ஜினின் கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை என்றால், பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் உள்ளதுபோல, மேலே சொன்னவற்றை அப்படியே அதற்குப் பொருத்தாதீர்கள். மெக்னீசியம் காரத்தைத் தாங்கும், அமிலத்தில் கரையும், அதைத் தேய்த்த தூள் தீப்பிடிக்கும்.

நீங்கள் கேட்ட தடவும் பொருள். பாலிஷ் போட்ட வெறும் அலுமினியம் இரண்டு மாதத்தில் மங்குவது அதன் இயல்பு. எந்தப் பாலிஷும் அதைத் தடுக்காது. வால்வு கவர் போன்ற காட்சிப் பாகங்களுக்கு இரண்டு வழி. ஆசிட்டோனால் எண்ணெய்ப் பசையை முழுக்க நீக்கிவிட்டு, வெப்பம் தாங்கும் நிறமற்ற லாக்கர் அடிக்கலாம். அழகாக இருக்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அதன் வழியே அடியில் புகுந்து வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோலப் பரவும், அப்புறம் முழுவதையும் உரித்துத்தான் ஆக வேண்டும். நான் செய்வது இரண்டாவது. பளபளப்பு ஆசையை விட்டுவிட்டு, வார்ப்பின் சாம்பல் நிறத்திலேயே வைத்து, மெழுகு அடிப்படையிலான அரிப்புத் தடுப்புத் தெளிப்பை லேசாக அடித்து, துணியால் ஒரு முறை துடைத்துவிடுவேன். எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்க மாட்டேன், புகையும். ஆண்டுக்கு இரண்டு முறை, சாலையில் உப்பு போடும் ஊராக இருந்தால் குளிர்காலத்துக்கு முன்பு கட்டாயம் ஒரு முறை. அனோடைசிங் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். மின்சாரம் பாய்ச்சி அந்த ஆக்சைடு தோலையே தடிக்க வைக்கும் முறை அது; மைக்ரான் கணக்கில் தடித்த தோல், உறுதியானதுதான். ஆனால் பழைய வார்ப்புகளில் சிலிக்கான் அதிகம் என்பதால் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்து வரும். வால்வு கவரை அதற்கு அனுப்பும் முன்பு உடைந்த துண்டு ஒன்றைக் கொடுத்து எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.